சொற்களை இனம் பிரித்துக் கற்பித்தல்: ஆசிரியர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் நடுநிலை வகுப்புகளுக்குத் தமிழ் கற்பிப்பவன். பிள்ளைகளின் சொல்வளத்தைப் பெருக்க நான் அதிகம் நம்புவது பழைய காலண்டர் அட்டைகளை வெட்டிச் செய்த சொல்லட்டைகளைத்தான். அதைப் பற்றி மற்ற ஆசிரியர்களும் பெற்றோரும் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

இனம் பிரித்துக் கற்பித்தல் என்றால் வகுப்பில் என்னதான் நடக்கும்?

நான்கு பிள்ளைகள் ஒரு வட்டமாக உட்காருவார்கள். நடுவில் பதினைந்து, இருபது சொல்லட்டைகள் கலந்து கிடக்கும். எவை எவை ஒன்றாகச் சேரும் என்று அவர்களே பேசிக் கூட்டம் கூட்டமாகப் பிரிக்க வேண்டும். அப்புறம் ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு பெயர் வைக்க வேண்டும். கடைசியில், ஏன் அப்படிப் பிரித்தோம் என்று மற்ற குழுக்களுக்குச் சொல்ல வேண்டும். எஸ்தோனியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ஹில்டா தாபா என்ற கல்வியாளர் 1960களில் இதைப் பட்டியலிடு, தொகு, பெயரிடு என்று மூன்று படிகளாக வகுத்தார்.

கரும்பலகையில் 'காய்கள்', 'பழங்கள்' என்று இரண்டு கட்டம் போட்டு, கீழே சொற்களை நிரப்பச் சொல்வதும் இதுவும் ஒன்றல்ல. தலைப்பை ஆசிரியர் கொடுத்துவிட்டால், பிரிப்பதில் இருக்கும் யோசனையில் பாதியை அவரே செய்து முடித்துவிடுகிறார். பிள்ளைக்கு மிஞ்சுவது பார்த்து எழுதும் வேலை மட்டும்தான். எந்தக் கூட்டத்தில் போடுவது என்று ஒரு பிள்ளை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கும் அந்த அரை நிமிடத்தில்தான் சொல் மனதுக்குள் இறங்குகிறது. அந்தத் தயக்கத்தை நாம் பறித்துவிடக் கூடாது.

பிரிப்பதால் சொல் எப்படி நினைவில் நிற்கும்?

1953இல் பௌஸ்ஃபீல்ட் என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். விலங்குகள், ஆட்பெயர்கள், தொழில்கள், காய்கறிகள் என நான்கு வகைகளில் 60 சொற்களை எடுத்து, கலைத்துப் போட்டு வாசித்துக் காட்டினார். கேட்டவர்கள் நினைவிலிருந்து சொல்லும்போது, யாரும் சொல்லாமலேயே விலங்குகளைச் சேர்த்து, தொழில்களைச் சேர்த்துச் சொன்னார்கள். 1969இல் பவர் என்ற இன்னொரு உளவியலாளரும் அவரோடு ஆய்வு செய்தவர்களும் 112 சொற்களை ஒரு சாராருக்குக் கிளை பிரித்த வகைமுறையிலும், இன்னொரு சாராருக்குக் கலைத்தும் காட்டினார்கள். முதல் முயற்சியிலேயே முதல் சாரார் மூன்று மடங்குக்கு மேல் நினைவில் வைத்திருந்தார்கள்.

ஆய்வு ஒரு பக்கம் இருக்கட்டும். என் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். ஆறாம் வகுப்பில் தென்னை, மா, மூங்கில், வேம்பு, பனை, புளி, கரும்பு, நெல் என்று அட்டைகள் கொடுத்திருந்தேன். எல்லாக் குழுக்களும் தென்னையையும் பனையையும் மா, வேம்போடு சேர்த்து 'மரங்கள்' என்று வைத்தன. ஒரு குழுவில் ஒரு பையன் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. தென்னைக்குக் கிளை கிடையாது, வைரம் பாய்வது வெளிப்பக்கம்தான், உள்ளே சோறு மாதிரி இருக்கும் என்றான். அவன் அப்பா மரம் அறுக்கிறவர்.

நான் தொல்காப்பிய மரபியல் வரியைக் கரும்பலகையில் எழுதினேன்: 'புறக்காழனவே புல் என மொழிப, அகக்காழனவே மரன் என மொழிப.' காழ் என்றால் வைரம், அதாவது தண்டின் கெட்டியான பகுதி. வைரம் வெளியே இருந்தால் புல், உள்ளே இருந்தால் மரம். அந்தக் கணக்கில் தென்னை, பனை, மூங்கில் எல்லாம் புல் பக்கம் போய்விடும். இன்றைய தாவரவியலும் இவற்றை நெல், கரும்போடு சேர்த்து ஒருவித்திலைத் தாவரங்கள் என்றுதான் வைக்கிறது. வகுப்பு முழுக்க ஒரே கூச்சல். அட்டைகள் இடம் மாறின.

சரி, இதில் சொல்வளம் எங்கே என்று கேட்கலாம். தொல்காப்பியர் அத்தோடு நிறுத்தவில்லை. ஓலை, மடல், பாளை, ஈர்க்கு, குலை போன்ற சொற்கள் புல்லோடு வரும் என்றும், இலை, தளிர், அரும்பு, நனை போன்றவை மரத்தோடு வரும் என்றும் பிரித்துக் காட்டுகிறார். ஆக, ஒரு செடியை எந்த இனத்தில் வைக்கிறோம் என்பது அதற்கு எந்தச் சொற்களைப் பயன்படுத்த வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறது. அன்றைக்குப் பிறகு அந்த வகுப்பில் 'தென்னை இலை' என்று யாரும் எழுதியதாக எனக்கு நினைவில்லை. ஈர்க்கு என்ற சொல்லை வீட்டில் விளக்குமாறு எடுக்கும்போதெல்லாம் சொல்லிப் பார்ப்பதாக ஒரு பெண் சொன்னாள்.

இது வெளிநாட்டிலிருந்து வந்த முறைதானே? நம் பிள்ளைகளுக்கு ஒத்துவருமா?

நம்மிடம் இது ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறது. இன்று அகராதி என்றதும் அ, ஆ வரிசைதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் தமிழின் பழைய சொற்களஞ்சியங்களான நிகண்டுகள் சொற்களை இனவாரியாகத்தான் அடுக்கின. நமக்குக் கிடைப்பதில் மிகப் பழையதான திவாகரம் தெய்வப்பெயர், மக்கட்பெயர், விலங்கின் பெயர், மரப்பெயர், இடப்பெயர் என்று தொடங்கி 12 தொகுதிகளாக இருக்கிறது. அகரவரிசை 1594இல் சிதம்பர ரேவண சித்தரின் அகராதி நிகண்டோடுதான் வந்தது. வீரமாமுனிவர் 1732இல் சதுரகராதியைச் செய்தபோது, அகரவரிசையைக் கொண்டுவந்தும் முக்கனி, அறுசுவை போன்ற தொகைகளுக்கென்று தனியே ஒரு பகுதி வைத்தார். லண்டனில் ரோஜெட் என்பவர் இனவாரியாக அடுக்கிய தன் ஆங்கிலச் சொற்களஞ்சியத்தைச் சுமார் ஆயிரம் தலைப்புகளில் வெளியிட்டது 1852இல்.

திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் நிகண்டை மனப்பாடம் செய்தார்கள். சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதியைப் பாட்டாகவே ஒப்பித்தார்கள். அந்த மனப்பாடத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அங்கே சொற்களைப் பிரித்தவர் நிகண்டின் ஆசிரியர். அந்தப் பிரிக்கும் வேலையைப் பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள் என்பதுதான் நான் கேட்பது.

ஒரே இனத்துச் சொற்களைச் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தால் குழம்பிப் போகிறார்களே?

ஆமாம், குழம்புகிறார்கள். இந்தக் கேள்வியைக் கேட்கும் ஆசிரியர் தன் வகுப்பை நன்றாகக் கவனித்திருக்கிறார் என்று அர்த்தம்.

டிங்கம் என்ற ஆய்வாளர் 1993இல் புதிய சொற்களை இரண்டு விதமாகக் கற்பித்துப் பார்த்தார். ஒரே இனத்தைச் சேர்ந்த சொற்களை ஒன்றாகக் கொடுத்தபோது, தொடர்பில்லாத சொற்களைக் கொடுத்ததைவிடக் கற்க அதிக முயற்சி தேவைப்பட்டது. வாரிங் என்ற ஆய்வாளர் ஜப்பானிய மாணவர்களிடம் அதையே செய்து 1997இல் வெளியிட்டார். அவருக்கும் அதே முடிவுதான். இடது, வலது என்ற இரண்டையும் ஒரே நாளில் சொல்லிக்கொடுத்தால் பிள்ளை வருஷக்கணக்கில் தடுமாறுவதை நாமே பார்க்கிறோம். புதிதாக வரும் இரண்டு சொற்கள் பொருளில் மிக நெருங்கியிருந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன.

அதனால் இனம் பிரிப்பது சொல்லை முதன்முதலில் அறிமுகம் செய்யும் வழி ஆகாது. ஏற்கெனவே பாதி தெரிந்த சொற்களை உறுதிப்படுத்தும் வழி அது. முதல் அறிமுகம் ஒரு கதையிலோ காட்சியிலோ நடக்கட்டும். டிங்கமின் பிந்தைய ஆய்வும் இதைத்தான் காட்டியது: தவளை, குளம், பச்சை, குதித்தல், வழுவழுப்பு என்று ஒரே காட்சிக்குள் வரும் சொற்களைச் சேர்த்துக் கற்பது எளிதாக இருந்தது. தவளை, தேரை, ஆமை, முதலை என்று ஒரே நாளில் இறக்குவதுதான் சிக்கல்.

நான் ஒரு விதி வைத்திருக்கிறேன். அட்டைக் கட்டில் பத்துக்கு ஏழு சொற்களாவது பிள்ளைகள் ஏற்கெனவே எங்கேயோ கேட்டவையாக இருக்க வேண்டும். புதியவை இரண்டு மூன்றுதான். அந்த இரண்டு மூன்றும் ஒன்றோடொன்று நெருங்கியவையாக இருக்கக் கூடாது.

எந்தெந்த அடிப்படையில் பிரிக்கச் சொல்லலாம்?

பொருள்வகை (பறவை, பாத்திரம், தொழில்) எல்லாருக்கும் தெரிந்தது. அதிலேயே நின்றுவிடுவதுதான் நாம் செய்யும் பெரிய தவறு.

சொற்குடும்பமாகப் பிரித்தால் பலன் அதிகம். நட என்ற ஒரு வினையிலிருந்து நடை, நடப்பு, நடத்தை, நடத்துநர், நடைபாதை, நடைமுறை, நடவடிக்கை என்று எத்தனை வருகின்றன! பேருந்தில் பார்க்கும் நடத்துநரும் முன்னேற்ற அறிக்கையில் வரும் நடத்தையும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று தெரியும்போது பிள்ளைகளின் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும். இங்கே கொஞ்சம் எச்சரிக்கையும் தேவை. கல்வி, கல்லூரி, கற்றல் ஆகியவற்றோடு கற்பனையையும் சேர்ப்பார்கள். அது வடமொழியிலிருந்து வந்த சொல். ஒலி ஒத்துப்போனால் மட்டும் போதாது என்று சொல்ல அது நல்ல வாய்ப்பு.

இன்னொன்று, படிவரிசை. அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று பூவின் ஏழு நிலைகள். கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு என்று இலையின் நிலைகள். தூறல், மழை, அடைமழை. எரிச்சல், கோபம், ஆத்திரம். இவற்றைக் கூட்டமாகப் போடாமல் ஒரு கயிற்றில் துணிக் கிளிப் மாட்டி வரிசையாகத் தொங்கவிடச் சொல்வேன். எரிச்சலுக்கும் கோபத்துக்கும் நடுவில் 'சலிப்பு' வருமா வராதா என்று ஒரு பீரியட் முழுக்க ஏழாம் வகுப்பு விவாதித்திருக்கிறது.

அப்புறம் சேர்க்கை. எந்தப் பெயரோடு எந்த வினை வரும்? தயிர் கடைவோம், கூடை முடைவோம், ஆடை நெய்வோம், தீ மூட்டுவோம், விளக்கு ஏற்றுவோம், கோலம் இடுவோம். 'பண்ணு' என்ற ஒரே வினையை வைத்து எல்லாவற்றையும் ஓட்டும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது.

விலங்குகளின் ஒலி, இளமைப் பெயர் எல்லாம் தேர்வில் வருகின்றன. மனப்பாடம் செய்யாமல் முடியுமா?

மயில் அகவும், யானை பிளிறும், காகம் கரையும், ஆந்தை அலறும், குதிரை கனைக்கும். இவை மரபு. கடைசியில் நினைவில் வைத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் அங்கே போகும் வழியை மாற்றலாம்.

வழக்கமாக விலங்கின் பெயரை இடப்பக்கமும் குட்டியின் பெயரை வலப்பக்கமும் எழுதிக் கோடு போடச் சொல்கிறோம். அதைத் திருப்பிப் பாருங்கள். 'கன்று' என்று ஒரு தலைப்பு அட்டை வைத்து, யார் யாருக்குக் கன்று உண்டு என்று கேளுங்கள். பசு, எருமை, யானை, மான் என்று வருவார்கள். அப்புறம் யாராவது வாழைக்கன்று என்பார்கள், மாங்கன்று என்பார்கள். பிள்ளை யாருக்கு? கீரிப்பிள்ளை, அணிற்பிள்ளை, தென்னம்பிள்ளை, நாமும்தான். நெல்லுக்கு ஏன் கன்று இல்லை, நாற்று? செடிக்கும் பிள்ளை, கன்று என்ற பெயர்கள் பொருந்தும் என்று தொல்காப்பிய மரபியலே சொல்கிறது. அதே இயல் பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என்று ஒன்பது இளமைப் பெயர்களைத் தருகிறது. நாம் தினமும் சொல்லும் 'குஞ்சு' அந்த ஒன்பதில் இல்லை. இதைச் சொன்னவுடன் பிள்ளைகள் அந்த ஒன்பதையும் தாங்களே தேட ஆரம்பித்துவிடுகிறார்கள்.

பிஞ்சுகளும் அப்படித்தான். மாவுக்கு வடு, பலாவுக்கு மூசு, வாழைக்குக் கச்சல், தென்னைக்கும் பனைக்கும் குரும்பை என்று தேவநேயப் பாவாணர் தொகுத்துக் காட்டியவை. மாவடு ஊறுகாய் தெரிந்த பிள்ளைக்கு முதல் சொல் இலவசம். அதைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றுக்குப் போகலாம்.

ஒரு சொல்லை இரண்டு கூட்டங்களில் வைக்கலாம் என்று பிள்ளைகள் சண்டை போட்டால்?

நல்லது. அப்படிப்பட்ட சொல்லை நானே தேடி உள்ளே போடுவேன். தக்காளி குழம்பில் காய்கறி, தாவரவியலில் கனி, நாம் கேட்பதோ 'ஒரு கிலோ தக்காளிப் பழம்'. ஓலை தென்னையிலும் இருக்கும், ஓலைச்சுவடியாகப் புத்தகக் கூட்டத்திலும் சேரும், கல்யாண ஓலையாகக் கடிதக் கூட்டத்திலும் சேரும். அட்டையை இன்னொரு படி எழுதி இரண்டு பக்கமும் வைக்கவிடுங்கள். காரணம் சொல்ல முடிந்தால் இரண்டும் சரி.

ஒரு தடவைக்கு எத்தனை சொற்கள்?

மூன்றாம் வகுப்புக்கு 12 போதும். எட்டாம் வகுப்புக்கு 20, 25 வரை போகலாம். அதற்கு மேல் போனால் பிள்ளைகள் யோசிப்பதை விட்டுவிட்டு அட்டைகளைத் தள்ளிவிட ஆரம்பிப்பார்கள்.

சரளமாக வாசிக்க வராத பிள்ளைகளை எப்படிச் சேர்த்துக்கொள்வது?

பொருளையே கொண்டுவந்துவிடுங்கள். துவரை, உளுந்து, பாசிப்பயறு, கொள்ளு, கேழ்வரகு, தினை, கம்பு, மிளகு, கடுகு, வெந்தயம் என ஆளுக்கு ஒரு பிடி. தட்டில் பிரித்து முடித்த பிறகு எழுதிய அட்டையை அதன் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். கைகள் முதலில் பிரிக்கும், கண்கள் பிறகு வாசிக்கும். வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு வீட்டு வேலை, வயல் வேலை தெரிந்திருக்கும். கேழ்வரகையும் கம்பையும் கலந்து வைத்தால் முதலில் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் அவர்கள்தான். வகுப்பில் எப்போதும் கடைசி வரிசையில் இருப்பவர் அன்றைக்கு மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார். எனக்கு இந்த முறையின் மேல் இவ்வளவு பற்று வர அதுவும் ஒரு காரணம்.

பிள்ளைகள் சொல்லும் வட்டாரச் சொற்களைத் திருத்த வேண்டுமா?

வேண்டாம், அட்டையில் எழுதுங்கள். நிலக்கடலை, வேர்க்கடலை, மல்லாட்டை மூன்றையும் ஒரே கூட்டத்தில் வையுங்கள். இலங்கையில் அதையே கச்சான் என்பார்கள் என்று நான்காவதாக ஒன்றைச் சேருங்கள். எழுத்து வழக்கில் எது, பேச்சில் எது என்பதைத் தேர்வுக்காகத் தனியே குறித்துக்கொள்ளலாம். பாட்டி சொன்ன சொல் வகுப்பில் ஒரு அட்டையாக இடம்பிடித்தால் அந்தப் பிள்ளை மறுநாள் இன்னும் நான்கு சொற்களோடு வருகிறது.

ஆங்கிலச் சொற்களுக்கும் இதே முறை உதவுமா?

உதவும். ஆனால் மேலே சொன்ன குழப்பம் இங்கே இன்னும் கூடுதல், ஏனென்றால் பெரும்பாலான சொற்கள் முழுக்கப் புதியவை. 'லெஃப்ட்', 'ரைட்' இரண்டையும் ஒன்றாக இறக்காதீர்கள். ஒன்று நன்றாகப் படிந்த பிறகு மற்றது. தமிழில் வீட்டுப்பாடத்துக்கும் தவறுக்கும் 'செய்' போதும், ஆங்கிலத்திலோ ஹோம்வொர்க்குக்கு 'டூ', மிஸ்டேக்குக்கு 'மேக்'. இப்படி எந்த வினையோடு எது வரும் என்று பிரிக்கும் பயிற்சிதான் நம் பிள்ளைகளுக்கு அதிகம் தேவை.

வீட்டில் பெற்றோர் என்ன செய்யலாம்?

சந்தையிலிருந்து வந்த பையைப் பிள்ளையிடம் கொடுங்கள். கிழங்கு, கீரை, காய் என்று பிரிக்கட்டும். மறுநாள் அதையே கொடியில் காய்ப்பது, செடியில் காய்ப்பது, மண்ணுக்குள் விளைவது என்று மாற்றிப் பிரிக்கச் சொல்லுங்கள். பத்து நிமிடம் போதும். தமிழ் குறைவாகக் காதில் விழும் ஊர்களில் வளரும் பிள்ளைகளுக்கு, பட்டியலாகத் தொடங்காமல் ஒரு வேலையிலிருந்து தொடங்குங்கள். தோசை சுடும்போது வரும் மாவு, கரண்டி, கல், ஊற்று, திருப்பு, மொறுமொறு ஆகியவை முதலில் வரட்டும். பாத்திரங்களின் பெயர்ப் பட்டியல் பிறகு வரலாம்.

கற்றுக்கொண்டார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பிரித்து முடித்த அட்டைகளைச் சார்ட்டில் ஒட்டிச் சுவரில் மாட்டிவிட்டால் அந்தச் சொற்கள் அங்கேயே தங்கிவிடும். ஒட்டாதீர்கள். ஒரு வாரம் கழித்து அதே அட்டைக் கட்டை எடுத்து, 'போன தடவை வைத்த எந்தத் தலைப்பும் இப்போது கூடாது' என்று சொல்லிக் கொடுங்கள். நினைவும் புதுப்பிக்கப்படும், புதிய கோணமும் கிடைக்கும்.

பொருந்தாத சொல்லைக் கண்டுபிடிக்கும் கேள்வியையும் கொஞ்சம் மாற்றிக் கேட்கலாம். காகம், குயில், மயில், கோழி. வழக்கமாக இதற்கு ஒரே விடைதான் சரி என்று மதிப்பெண் போடுவோம். நான் நான்கையுமே ஒவ்வொன்றாக வெளியேற்றக் காரணம் கேட்பேன். குயில் தன் கூட்டில் முட்டையிடாது. கோழியை நாம் வளர்க்கிறோம். மயிலுக்குத் தோகை உண்டு. காகத்துக்கு என்ன காரணம் என்று ஐந்தாம் வகுப்பு கொஞ்ச நேரம் முழித்தது. ஒரு பெண் எழுந்து, 'சார், மத்த மூணுக்கும் கூவுது, அகவுதுன்னு வேற வேற பேர் இருக்கு. காகம் மட்டும்தான் தன் பேரையே சொல்லிக் கத்துது' என்றாள். கா கா என்று கத்துவதால்தான் காகம் என்று பெயர் வந்தது என்பதை நான் அவர்களுக்கு அதுவரை சொன்னதில்லை.